தைமூர் ஏன் 'கான்' ஆகவில்லை?

நேயர்களுக்கு வணக்கம். தைமூர் என்றதும் நமக்கு 1398-இல் தில்லி பட்ட பாடுதான் ஞாபகம் வரும். மத்திய ஆசியாவின் சாமர்கண்டிலிருந்து கிளம்பி பாரசீகம், ஈராக், சிரியா என்று போன இடமெல்லாம் நொறுக்கி, கடைசியில் 1402-இல் அங்காராவுக்குப் பக்கத்தில் ஒட்டோமான் சுல்தான் பாயசீத்தையே சிறைபிடித்தவர் அவர். ஆனால் தன் நாணயங்களில் அவர் தன்னை அரசன் என்று பொருள்படும் கான் என்றோ பேரரசர் என்றோ போட்டுக்கொள்ளவில்லை. 'அமீர் தைமூர் குரேகன்' என்று போட்டுக்கொண்டார். அமீர் என்றால் தலைவன், தளபதி. குரேகன் என்பது மங்கோலியச் சொல், அர்த்தம் மருமகன். அதே நாணயத்தில் இன்னொருவர் பெயரும் இருக்கும், கான் என்ற பட்டத்தோடு!

இது எனக்கு அவருடைய போர்களைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கான், ககான் (பேரரசன்) இரண்டும் செங்கிஸ்கானுக்கு வெகு காலம் முன்பே புல்வெளி நாடுகளில் புழங்கிய பட்டங்கள். மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றங்கரையில் 8-ஆம் நூற்றாண்டுத் துருக்கியர்கள் நட்ட கல்வெட்டுகளில் ககான் வருகிறது, வானம்தான் அவனை அரியணையில் ஏற்றியது என்றும் வருகிறது. 1206-இல் ஓனோன் ஆற்றங்கரையில் கூடிய சபை தெமுஜினுக்குச் செங்கிஸ்கான் என்று பட்டம் கட்டியது. 'செங்கிஸ்' என்றால் கடல் என்பவர்களும் உண்டு, கடுமையானவன் என்பவர்களும் உண்டு, இன்றுவரை முடிவான பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் விஷயம் இறுகியது. செங்கிஸ்கானின் ஆண்வழியில் பிறந்தவன் மட்டுமே கான் ஆகலாம் என்பது எழுதாத சட்டம்போல ஆகிவிட்டது, அந்த வம்சத்துக்குப் 'பொன் குலம்' என்றே பெயர்.

தைமூர் பர்லாஸ் குலம். துருக்கி பேசிய, மங்கோலிய வழிவந்த குலம்தான், ஆனால் பொன் குலம் இல்லை. சரி, அவர் என்ன செய்தார்? 1370-இல் பல்க் நகரில் தன் பழைய கூட்டாளி அமீர் உசேனை வீழ்த்தியதும், உசேனின் மனைவியாக இருந்த சராய் முல்க் கானுமை மணந்துகொண்டார். அந்த அம்மையார் செங்கிஸ்கானின் மகன் சகதாயின் வழிவந்த கான் ஒருவரின் மகள், அதாவது செங்கிஸ்கான் ரத்தம். அந்தக் கல்யாணத்தோடு தைமூர் 'குரேகன்' ஆனார், அரச குடும்பத்து மாப்பிள்ளை. அதோடு விடாமல், செங்கிஸ்கான் வழிவந்த சுயுர்கத்மிஷ் என்பவரைக் கானாக அரியணையில் வைத்தார், அவருக்குப் பிறகு அவர் மகன் சுல்தான் மஹ்மூதை வைத்தார். அதிகாரம் முழுக்கத் தைமூர் கையில், கான் பட்டம் அவர்களிடம்.

மருமகன் என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1206-இல் ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுகளுக்குத் தலைவர்களாகச் செங்கிஸ்கான் நியமித்தவர்களின் பட்டியலிலேயே சிலர் பெயரோடு குரேகன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது அப்போதே ஒரு அந்தஸ்து. அப்புறம் ஒன்று, பாரசீகர்கள் இதைக் 'குர்கான்' என்று ஆக்கிவிட்டதால் இதிலும் ஒரு கான் ஒளிந்திருப்பதுபோலத் தோன்றும், அது வெறும் ஒலி ஒற்றுமை. செங்கிஸ்கானுக்கு முன் மத்திய ஆசியாவை ஆண்ட காரா கிதாய் அரசர்களின் 'கூர்கான்' பட்டமும் வேறுதான்.

தைமூரின் பேரன் உலுக் பெக் சாமர்கண்டில் தொகுத்த நட்சத்திர அட்டவணைக்குக்கூடக் குர்கானி அட்டவணை என்று ஒரு பெயர் உண்டு. பாபர், தைமூரின் வழித்தோன்றல்கள் நாடாண்டாலும் 'மிர்சா' என்றுதான் அழைக்கப்பட்டார்கள் என்று எழுதுகிறார், அமீரின் மகன் என்பதிலிருந்து வந்தது அது. 1507-இல் காபூலில்தான் அவர் தன்னைப் பாதுஷா என்று அழைக்கச் சொன்னார். நாம் முகலாயர் என்கிறோமே, அவர்கள் தங்களைக் குர்கானியர் என்றே சொல்லிக்கொண்டார்கள். அதாவது இந்தியாவையே ஆண்ட அக்பர், ஷாஜகான் எல்லாரும் 'அந்த மருமகன் வீட்டார்'!

இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கும் புகாராவில் இந்த வழக்கம் இன்னும் நீண்டது. மங்கித் வம்சத்து ஷா முராத் 1785-இல் ஆட்சிக்கு வந்தபோது கான் பட்டத்தை விட்டுவிட்டு அமீர் என்ற பட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டார், அவர் வழியினர் 1920-இல் சோவியத் செம்படை வந்து துரத்தும்வரை அமீர்களாகவே ஆண்டார்கள்.