மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் யார் போடுவது?

அனைவருக்கும் வணக்கம். நாளை நிதி கேட்டு விண்ணப்பம் எழுதப்போகிறவர்களும், அதை மதிப்பிட்டுக் கையெழுத்துப் போடப்போகிறவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, கொள்ளைநோய்த் தயார்நிலைக்கென்று வெளியிலிருந்து வந்த பணம் எதைச் சாதித்தது, எங்கே முட்டி நின்றது என்று பார்ப்போம். நாடு உகாண்டா. பணத்தில் பெரும்பங்கு அமெரிக்க அரசினுடையது.

2000ஆம் ஆண்டு குலு பகுதியில் எபோலா பரவியது. 425 பேருக்கு நோய், 224 பேர் மாண்டார்கள். அப்போது வைரஸை உறுதிசெய்ய ரத்த மாதிரியைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2010இல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி.யின் உதவியோடு என்டெபேயில் உள்ள உகாண்டா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்திலேயே இதற்கான ஆய்வகம் வந்தது. அடுத்த ஆண்டு லுவேரோ மாவட்டத்தில் மீண்டும் எபோலா. இம்முறை ஒரே ஒரு நோயாளியோடு முடிந்தது. மருத்துவமனை ஊழியர்கள் பாதுகாப்பு உடையோடு இருந்ததும் காரணம், விடை உள்ளூரிலேயே கிடைத்ததும் காரணம்.

ஆனால் ஆய்வகம் என்டெபேயில் இருக்கிறது, நோயாளி எங்கோ ஒரு கிராமத்தில். நடுவில் உள்ள சாலையைக் கடப்பது யார்? எச்.ஐ.வி. பரிசோதனைக்காக அங்கே ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது. குறிப்பிட்ட சில மருத்துவமனைகளை மையமாக வைத்து, மோட்டார் சைக்கிளில் ஒருவர் சுற்றுவட்டாரச் சுகாதார நிலையங்களுக்குப் போய் மாதிரிகளைத் திரட்டி வருவார். 2013இல் சி.டி.சி.யும் உகாண்டா சுகாதார அமைச்சகமும் கொள்ளைநோய் மாதிரிகளையும் அதே வழியில் அனுப்பிப் பார்த்தன. பலித்தது. என் கணக்கில், அந்த நாட்டில் போட்ட பணத்திலேயே அதிகம் பயன் தந்தது இதுதான். விழா எடுத்துத் திறந்துவைக்க இதில் ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

இந்த வேலையின் செலவைப் பிரித்துப் பாருங்கள். எபோலா சந்தேகம் உள்ள மாதிரிக்கு மூன்றடுக்குப் பொதி வேண்டும். கசியாத குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பொருள், கசியாத இரண்டாம் உறை, அதற்கு வெளியே கெட்டியான பெட்டி. விமானத்தில் அனுப்புவதானால், பொதி செய்பவர் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அது இரண்டு ஆண்டுதான் செல்லும். ஐந்தாண்டுத் திட்டத்தில் பயிற்சிச் செலவை முதலாண்டில் மட்டும் எழுதினால், மூன்றாம் ஆண்டில் பெட்டி இருக்கும், கட்ட ஆள் இருக்கமாட்டார்.

கிருமி வெளியே பரவாமல் மாதிரியைக் கையாள உதவும் உயிரிப் பாதுகாப்புப் பெட்டகமும் அப்படித்தான். அதன் காற்றோட்டத்தையும் வடிகட்டியையும் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துச் சான்று தரவேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் பல நாடுகளில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விமானச் சீட்டும் தங்குமிடமும் செலவில் சேரும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசரும் யு.பி.எஸ்.ஸும் இல்லாமல் பி.சி.ஆர். கருவி வாங்கினால் நீண்ட நாள் தாங்காது. வேதிப்பொருள்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. சுங்கத்தில் கிடக்கும் நாளெல்லாம் அதில்தான் கழியும். வரிவிலக்குக் கடிதத்தைச் சரக்குக் கிளம்பும் முன்பே வாங்கி வைக்காததால் வீணாகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. இந்தச் செலவுகளை ஏன் யாரும் எழுதுவதில்லை? நிதி ஆண்டுக்கு ஆண்டு வருகிறது, அதுவும் தாமதமாக வருகிறது, ஆண்டு முடிவதற்குள் செலவழித்துக் காட்டவேண்டும். கருவி வாங்கினால் ஒரே பில்லில் கணக்கு முடிந்துவிடும். பெட்ரோல் செலவு அப்படி முடியாது.

இனி 2022. உகாண்டாவின் முபெண்டே மாவட்டத்தில் செப்டம்பர் 19 அன்று சூடான் வகை எபோலா உறுதியானது. மறுநாளே அரசு அறிவித்தது. ஆய்வகம் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது. பிறகு விசாரித்தால், ஆகஸ்ட் முதலே ஊருக்குள் காரணம் தெரியாத சாவுகள். உறுதிசெய்யப்பட்ட முதல் நோயாளியும் முதலில் தனியார் கிளினிக்குகளுக்குத்தான் போயிருந்தார். 142 பேருக்கு நோய் உறுதியாகி 55 பேர் இறந்தார்கள். சுகாதார ஊழியர்கள் மட்டும் 19 பேருக்குத் தொற்றி, 7 பேர் இறந்தார்கள். நோய் தோன்றி 7 நாளில் கண்டுபிடி, 1 நாளில் தெரிவி, 7 நாளில் முதற்கட்ட நடவடிக்கைகளை முடி என்று ஓர் இலக்கு இப்போது புழக்கத்தில் இருக்கிறது. உகாண்டா தோற்றது முதல் ஏழில். அரசு ஆய்வகத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும், தனியார் கிளினிக்காரரின் கையில் கூப்பிட ஒரு தொலைபேசி எண் இல்லையென்றால் அந்த ஏழு நாள் கைக்கு வராது.

சூடான் வகைக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி கிடையாது. 2022இல் சோதனைத் தடுப்பூசி வந்து இறங்கியது டிசம்பர் 8. அறிவிப்புக்கு 79 நாள் கழித்து. அதற்குள் கடைசி நோயாளி வீடு திரும்பிவிட்டார், சோதித்துப் பார்க்க வழியில்லை. 2025 ஜனவரி 30 அன்று கம்பாலாவில் மறுபடி நோய் அறிவிக்கப்பட்டபோது பிப்ரவரி 3 அன்றே தடுப்பூசிச் சோதனை தொடங்கிவிட்டது. ஆய்வுத் திட்டமும் தடுப்பூசியும் முன்கூட்டியே தயாராக இருந்தன. இத்தனைக்கும் பத்து நாள் முன்னர்தான், ஜனவரி 20 அன்று, அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தி வைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் அவசர நிதியிலிருந்து பணம் விடுவித்தது. ஏப்ரல் 26 அன்று நோய் ஓய்ந்ததாக அறிவிக்கப்பட்டது. உறுதியானவர்கள் 12 பேர், ஐயத்துக்குரியவர்கள் 2 பேர், இறந்தவர்கள் 4 பேர்.

ஒரே கொடையாளரை நம்பாமலிருக்க உலக வங்கியில் 2022இல் பெருந்தொற்று நிதியம் உருவானது. முதல் சுற்றில் 37 நாடுகளில் 19 திட்டங்களுக்கு 33.8 கோடி டாலர். கேட்கப்பட்டதோ 250 கோடிக்கும் மேல். கால்நடை நோய்க் கண்காணிப்புக்காக இந்தியாவும் இந்த நிதியத்திலிருந்து 2.5 கோடி டாலர் பெற்றிருக்கிறது. பணம் நேராக அரசின் கைக்கு வராது, அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பின் வழியாக வரும். நாடு தன் பங்காக என்ன போடுகிறது என்பதையும் பார்ப்பார்கள். இங்கேதான் விண்ணப்பம் எழுதுகிறவர்கள் ஏமாற்றுவார்கள், ஏற்கெனவே இருக்கும் கட்டடத்துக்கு விலை போட்டுப் பங்கு என்று காட்டி. நீங்கள் மதிப்பிடும் இடத்தில் இருந்தால், எத்தனை ஊழியர்களின் சம்பளம் எந்த ஆண்டில் அரசின் சம்பளப் பட்டியலுக்கு மாறும் என்று நிதி அமைச்சகம் கையெழுத்திட்ட கடிதத்தைக் கேளுங்கள். சுகாதார அமைச்சகத்தின் கடிதம் போதாது. சம்பளப் பட்டியல் அவர்கள் கையில் இல்லை.