குழிநரியா, குழியானையா?

[காட்சி: புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும் பேருந்து. கண்ணாடியில் சாரல்.]

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக எஸ் வளைவு ஏறினால், கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் கேரளா. பலகை மாறும், பேச்சு உடனே மாறாது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது.

ஆரியங்காவில் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு கமுகுத் தோட்டம். இந்த வீடியோவில் வரும் உயிர்களை எல்லாம் அங்கேதான் படம் பிடித்தேன், ஒன்றைத் தவிர. அது எது என்று வரும்போது சொல்கிறேன்.

[காட்சி: ஓட்டு வீட்டின் இறவாரத்தடி. காய்ந்த புழுதியில் சின்னச் சின்னப் புனல் குழிகள்.]

வெளியே மூன்று நாளாகச் சாரல். சாரல் எட்டாத இந்த ஒரு முழம் புழுதியில் மட்டும் பதினாறு குழிகள். நம் பக்கம் இவற்றைப் பறிக்கும் பூச்சிக்குக் குழிநரி என்று பெயர். சித்தப்பா மகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறாள், அவளுக்கு இது குழியானை. நகம் அளவுகூட இல்லாத பூச்சி, மலைக்கு இந்தப் பக்கம் நரி, அந்தப் பக்கம் யானை!

இது பின்பக்கமாகவே நகர்ந்து, தலையை மண்வெட்டி மாதிரி ஆட்டி, புழுதியை வெளியே வீசிக் குழி பறிக்கும். குழியின் சரிவுதான் சூட்சுமம். மண் சரியாமல் எவ்வளவு செங்குத்தாக நிற்க முடியுமோ, அந்த விளிம்பில் நிறுத்தி வைத்திருக்கும். எறும்பு காலை வைத்தால் போதும், மண் வழுக்கும்.

[காட்சி, மெதுவாக: எறும்பு ஏறப் பார்க்கிறது. அடியிலிருந்து மண் தெறிக்கிறது.]

பாருங்கள், ஏறவிடாமல் மண்ணை வாரி அடிக்கிறது. பிடித்ததும் கொக்கி போன்ற தாடை வழியாக நஞ்சைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சும். வெறும் கூட்டைத் தூக்கி வெளியே எறிந்துவிடும்.

சரி, இவ்வளவு தின்கிறதே, கழிவு? போகாது. வயிற்றிலிருந்து பின்குடலுக்குப் போகும் வழி இதற்கு அடைத்துக் கிடக்கிறது. இனத்தையும் கிடைக்கும் இரையையும் பொறுத்து, குழிக்குள் ஒன்றிரண்டு வருடம்கூட இருக்கும். அத்தனை நாளும் கழிவு உள்ளேயே சேரும். அப்போது பின்வாய் எதற்கு? நூல் நூற்க. கூட்டுப்புழு ஆகும் நேரம் வந்ததும் அங்கிருந்து பட்டு இழை வரும். மண்ணை ஒட்டி ஒட்டிப் பட்டாணி மாதிரி ஓர் உருண்டை கட்டி உள்ளே அடைந்துகொள்ளும். வெளியே வருவதைக் கடைசியில் காட்டுகிறேன்.

[காட்சி: கொல்லாமரம் (முந்திரி). இலைகள் ஒட்டிய பந்து போன்ற கூடு.]

இது முசுறு எறும்பு. மலையாளத்தில் நீறு. கடிக்கும், கடித்த இடத்தில் புளிப்பு அமிலத்தையும் பீச்சும். இந்தக் காட்சிக்கு நான் கொடுத்த விலை கழுத்தில் பதினோரு கடி.

இரண்டு இலையை இழுத்துப் பிடிக்க, ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்குகின்றன. ஒட்டுவதற்குப் பசை வேண்டுமே? அதோ, ஒரு வேலைக்கார எறும்பு வாயில் வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு வருகிறது. அது கூட்டத்தின் குழந்தை, புழு. புழுவின் தலையை உணர்கொம்பால் தட்டினால் பட்டு கசியும். அதை இந்த இலையிலும் அந்த இலையிலும் மாற்றி மாற்றி வைத்தால் தையல் விழுந்துவிடும். தனக்கென்று கூடு பின்ன வைத்திருக்க வேண்டிய நூல் அது. ஊருக்குக் கொடுத்துவிட்டு, முசுறுப் புழு உறையே இல்லாமல் வளர்கிறது.

[காட்சி: கமுகு மரம். பட்டையோடு பட்டையாக ஒரு பல்லி. தொண்டையில் மஞ்சள் தோல் விரிந்து மடங்குகிறது.]

பறக்கும் ஓணான். மஞ்சள் கொடி காட்டுவது ஆண். கேமராவைத் தூக்கியதும் சித்தப்பா சொன்னார்: “எலேய், அது பறக்காதுல. ஒழுங்கா விழும், அவ்வளவுதான்.” எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான விளக்கம் கிடையாது.

இறக்கை என்று நாம் பார்ப்பது நீண்டு வளர்ந்த விலா எலும்புகளும் அவற்றின் மேல் போர்த்திய தோலும். பறவைக்கும் வௌவாலுக்கும் கைதான் இறக்கை ஆனது. இதற்குக் கை கையாகவே இருக்கிறது. அந்தக் கை காற்றில் என்ன செய்யும்? வெறுமனே நீட்டிக்கொண்டு போகும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். நமது மேற்குத் தொடர்ச்சி மலை இனத்தைக் கவனித்து எழுதிய ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. குதித்ததும் கையைப் பின்னுக்குக் கொண்டுபோய், விரிந்த தோலின் முன் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறதாம்.

[காட்சி, மிக மெதுவாக: ஓணான் தாவுகிறது.]

இதோ, இங்கே நிறுத்துகிறேன். விரல்களைப் பாருங்கள். சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரி இல்லை? அடுத்த கமுகு நெருங்கியதும் பிடியை விட்டு, கையை முன்னால் நீட்டி, பச்சக். பெண் மட்டும் முட்டையிடத் தரைக்கு இறங்கும். மூக்கால் மண்ணைத் தோண்டி, இட்டு, மூடிவிட்டு மறுபடி மரம் ஏறிவிடும்.

[காட்சி: கரிக்கோட்டு ஓவியம். சருகுக் குவியல் மேல் சுருண்ட பாம்பு.]

படம் பிடிக்காத ஒன்று இதுதான். ராஜநாகத்தின் கூட்டைத் தேடிக்கொண்டு கேமராவோடு போவது வீரம் இல்லை, அதற்குத் தொல்லை. உலகின் மிக நீளமான இந்த நச்சுப் பாம்பை ஒரே இனம் என்றுதான் எண்ணியிருந்தார்கள். 2024-இல் நான்காகப் பிரித்தார்கள். நமது மலையில் இருப்பதற்குக் காளிங்கா என்ற பெயரே அறிவியல் பெயரில் சேர்ந்தது.

கையும் காலும் இல்லாத உடம்பு. ஆனாலும் தாய்ப்பாம்பு உடலை வளைத்து வளைத்துச் சருகை இழுத்துக் குவிக்கும், நடுவில் முட்டையிடும், மேலேயும் மூடும். மக்கும் சருகில் சூடு இருக்கும், மழை வழிந்து ஓடிவிடும். வாரக்கணக்கில் காவல் இருந்துவிட்டு, குஞ்சு வெளிவரும் முன்பே கிளம்பிப் போய்விடும். அது முதன்மையாகப் பாம்பு தின்னும் பாம்பு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: இரவு. சித்தப்பா வீட்டுத் திண்ணை, டியூப்லைட்.]

அப்புறம், அந்தப் பட்டாணி உருண்டை. விளக்கைச் சுற்றி மெல்லிய நாலு இறக்கையோடு ஒன்று தள்ளாடித் தள்ளாடிப் பறந்தது. “ராத்திரியில என்னல தட்டான்?” என்றார் சித்தப்பா. தட்டானுக்கு உணர்கொம்பு மயிரிழை போல் இருக்கும், இதற்கு நீண்டு நுனியில் தடித்திருக்கிறது. “இது உங்க குழிநரி சித்தப்பா. வெளிய வந்ததும் மொத வேலையா, இத்தனை நாளும் அடக்கி வச்சிருந்ததை எல்லாம் போட்டிருக்கும்.”

அவர் நம்பவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறவாரத்தடியில் குனிந்து, குழிகளை எண்ணத் தொடங்கினார்.