ஒரு கிலோ வெங்காயத்தில் எத்தனை காசு டீசல்?

[திரையில்: கோயம்பேடு மொத்தச் சந்தை, விடியலுக்கு முன். மகாராஷ்டிரப் பதிவெண் கொண்ட லாரியிலிருந்து வெங்காய மூட்டைகள் இறங்குகின்றன.]

வெங்காயம் ஏன் ஏறியது என்று கேட்டால் கடைக்காரரிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: டீசல் விலை. சரி, அந்தப் பதிலைத் தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவோம்.

நாசிக் பக்கத்து லாசல்கான் சந்தையில் லோடு ஏற்றிய லாரி சென்னை வந்து சேர 1,300 கிலோமீட்டருக்கும் மேல் ஓட வேண்டும். தாராளமாக 1,400 என்றே வைத்துக்கொள்வோம். முழு பாரத்தோடு ஓடும் லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 350 லிட்டர் டீசல் செலவாகும். லாரியில் இருப்பது 20 டன், அதாவது 20,000 கிலோ வெங்காயம். டீசல் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் அந்த லாரிக்குக் கூடுதல் செலவு 3,500 ரூபாய். அதைக் கிலோவுக்குப் பிரித்தால் பதினேழரைக் காசு.

[திரையில்: 3,500 ÷ 20,000 = 0.175]

ஆம், ரூபாய் இல்லை, காசு. லாரி வெறுமனே திரும்புகிறது என்று கணக்கை இரட்டிப்பாக்கினாலும் 35 காசுதான். வழியில் எரியும் மொத்த டீசலையும், லிட்டர் 92 ரூபாய் என்ற விலையில், வெங்காயத்தின் தலையில் கட்டினால்கூட கிலோவுக்கு ஒரு ரூபாய் அறுபது காசு வருகிறது. ஒரே மாதத்தில் வெங்காயம் 30 ரூபாயிலிருந்து 60 ரூபாய்க்குப் போனால் அதற்குக் காரணம் மழை, பதுக்கல், வரத்துக் குறைவு என்று வேறு ஏதாவதாக இருக்கும். டீசலின் மேல் பழியைப் போடுவது எளிது. அது எதிர்த்துப் பேசாது.

அப்படியென்றால் எரிபொருள் விலை ஏறுவதால் குடும்பச் செலவு ஏறுகிறது என்பதே பொய்யா? பொய் இல்லை. அடி விழுவது உண்மை. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் விழவில்லை, அவ்வளவுதான். அந்த இடங்களுக்குப் போவதற்கு முன், பங்கில் எழுதியிருக்கும் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

[திரையில்: பெட்ரோல் பங்கின் விலைப் பலகை. 100.75]

2024 மார்ச் நடுவில் லிட்டருக்கு 2 ரூபாய் அளவில் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் விலை 100 ரூபாய் 75 காசு. இதில் மத்திய அரசின் கலால் வரி அன்று 19 ரூபாய் 90 காசு. தமிழக அரசின் மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. மாநில வரியின் இந்த இரண்டு பகுதியும் சேர்ந்து ஏறக்குறைய 22 ரூபாய். இந்த 13 சதவீதம் கலால் வரியையும் சேர்த்த தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது. வரிக்கு வரி. ஆக, அன்று நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் நாற்பது ரூபாய்க்கு மேல் இரண்டு அரசுகளுக்கும் போனது. மிச்சம்தான் கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, போக்குவரத்து, எண்ணெய் நிறுவனத்தின் லாபம், பங்க் முதலாளியின் கமிஷன் எல்லாம்.

மத்திய அரசின் 19.90-க்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அதில் அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மாநிலங்களோடு பகிர வேண்டியது அதை மட்டும்தான். மற்றவை சிறப்புக் கூடுதல் வரி, சாலை மேம்பாட்டுக்கான வரி, வேளாண் செஸ் என்று வேறு வேறு பெயர்களில் வருவதால் பகிர வேண்டியதில்லை. மாநில அரசுகள் தங்கள் வரியைக் குறைக்க மாட்டோம் என்று அடம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழகம் ஒருமுறை குறைத்தது. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார். அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அவரே சொன்னார். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 390 கோடி. இந்தக் கணக்கு தெரிந்த எந்த நிதியமைச்சரும் கையை நீட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார்.

கச்சா எண்ணெய்க்கு வருவோம். இந்தியா தனக்குத் தேவையானதில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது, பணம் டாலரில். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். பீப்பாய் 100 டாலர், டாலர் 60 ரூபாய் என்றால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் சுமார் 38 ரூபாய். அதே 100 டாலர், டாலர் மட்டும் 85 ரூபாய் என்றால் 53 ரூபாய்க்கு மேல். எண்ணெய் விலை அசையாமலேயே லிட்டருக்கு 15 ரூபாய் கூடிவிடுகிறது. "2014-லும் எண்ணெய் 100 டாலருக்கு மேல்தானே இருந்தது, அன்று பெட்ரோல் இவ்வளவு விற்கவில்லையே" என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. மறுபாதி வரியில்.

[திரையில்: 2020 ஏப்ரல். கச்சா எண்ணெய் விலைக்கோடு கீழே பாய்கிறது. பங்க் விலைக்கோடு அசையாமல் நிற்கிறது.]

பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிப்பது 2010-லும், டீசலுக்கு 2014-லும் நின்றுபோனது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை. உலகச் சந்தையில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதுதான் சொல்லப்பட்ட ஏற்பாடு. இறங்கியபோது என்ன நடந்தது? 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் இருந்தபோது, உலகச் சந்தை விலைக்கு அளவுகோலாக இருக்கும் பிரென்ட் எண்ணெய் பீப்பாய்க்கு 20 டாலருக்கும் கீழே போனது. அமெரிக்கச் சந்தையில் ஏப்ரல் 20 அன்று விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. மே முதல் வாரத்தில் மத்திய அரசு ஒரே இரவில் கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தியது. சந்தையில் இறங்கியதை வரி விழுங்கிக்கொண்டது. நமக்கு எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் பங்க் விலை மாறவில்லை. பிறகு எண்ணெய் ஏறத் தொடங்கியதும் தினசரி விலை திடீரென்று உயிர்பெற்றுவிட்டது.

இதன் இன்னொரு வடிவம் 2021-22. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் 21 வரை, உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்து முடியும் வரை, "தினசரி" விலை நான்கரை மாதம் அசையவில்லை. அதே காலத்தில் உக்ரைன் போர் தொடங்கி, பிரென்ட் 139 டாலரைத் தொட்டுவிட்டு வந்திருந்தது. மார்ச் 22-இல் பூட்டு திறந்தது. ஏப்ரல் 6-க்குள் 14 முறை உயர்வு. சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு, டீசல் நூறைத் தாண்டியது. மே மாதம் கலால் வரியைக் குறைத்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

சந்தை விலை என்றால் இரண்டு பக்கமும் கதவு திறக்க வேண்டும். இங்கே ஏறும் கதவின் கீலுக்குத்தான் நன்றாக எண்ணெய் போட்டிருக்கிறது.

[திரையில்: டீக்கடை. பலகையில் விலை அழித்து எழுதப்படுகிறது.]

இனி, அடி எங்கே விழுகிறது என்று பார்ப்போம்.

முதல் இடம் சில்லறை. பதினேழரைக் காசு கூடியது என்று எந்தக் கடைக்காரரும் பதினேழரைக் காசு கூட்ட முடியாது. 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போயின. ஐம்பது காசை நீட்டினால் பேருந்து நடத்துநரே முறைப்பார். அதனால் சின்னச் சின்ன உயர்வுகளைக் கடை சிறிது காலம் தாங்கிக்கொள்கிறது. பால் பாக்கெட் கொண்டுவரும் வண்டி வாடகை, காய்கறி கொண்டுவரும் குட்டி யானையின் வாடகை, கேஸ் சிலிண்டர் என்று எல்லாம் சேர்ந்து ஒரு நாள் 10 ரூபாய் டீ 12 ஆகிறது, பிறகு 15. உண்மைச் செலவு ஒரு ரூபாய் கூடியிருக்கலாம். விலை இரண்டு ரூபாயோ மூன்று ரூபாயோ தாவும். டீசல் இரண்டு ரூபாய் இறங்கியது என்று டீ விலையைக் குறைத்த கடையை யாராவது பார்த்திருந்தால் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், நேரில் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

இதற்குள் இன்னொரு முடிச்சு உண்டு. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் இல்லை. தொழிற்சாலை வாங்கும் மூலப்பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாம்; லாரி உரிமையாளர் டீசலில் கட்டிய வரியை அப்படிக் கழிக்க வழியில்லை. அது வாடகைக்குள் போய், வாடகை பொருளின் விலைக்குள் போய், அந்த விலையின் மேல் மறுபடியும் வரி விழுகிறது. 2021 செப்டம்பரில் லக்னோவில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. இது நேரமில்லை என்று முடித்துவிட்டார்கள். எந்தக் கட்சி ஆளும் மாநிலமும் இதற்காகக் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது இடம், இருசக்கர வண்டியின் டேங்க். என் கணிப்பில் வீட்டுச் செலவில் மிக நேரடியாக விழும் அடி இதுதான்.

[திரையில்: ஸ்ரீபெரும்புதூர் சாலை, ஷிஃப்ட் மாறும் நேரம். பைக்குகளின் வரிசை.]

பூந்தமல்லிப் பக்கம் குடியிருந்து ஒரகடம் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிறுவனப் பேருந்து நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். மின்சார ரயில் அந்தப் பக்கம் போவதில்லை. போனால் சீசன் டிக்கெட்டோடு பிரச்சினை முடிந்திருக்கும். போக வர நாளுக்கு 50 கிலோமீட்டர், மாதம் 26 நாள், மொத்தம் 1,300 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டி என்றால் 29 லிட்டர். நூறு ரூபாய் விலையில் 2,900 ரூபாய். 2020 மார்ச் இறுதியில் பெட்ரோல் 72 ரூபாய் அளவில் இருந்தபோது இதே தூரத்துக்கு 2,100 ரூபாய் போதும். சம்பளம் 15,000 என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, வேலைக்குப் போய்ச் சேர்வதற்கே போய்விடுகிறது.

இப்போது அரசின் கணக்கைப் பாருங்கள். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் வாகனப் பெட்ரோலுக்குக் கொடுத்த எடை 2.19 சதவீதம். டீசலுக்கு 0.15. வண்டியே இல்லாத வீடு, நான்கு கார் வைத்திருக்கும் வீடு எல்லாவற்றையும் கலந்த சராசரி இது. பணவீக்கம் கட்டுக்குள் இருக்கிறது என்று செய்தி வாசிக்கும்போது அந்த ஒரகடத்துக்காரருக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அந்தக் குறியீட்டில் இரண்டு சதவீதமாக இருந்தது அவர் வீட்டில் பத்தொன்பது சதவீதம்.

மூன்றாவது இடம், செலவை யார் மேலும் ஏற்ற முடியாதவர்கள். வெங்காய வியாபாரி வாடகையை விலையில் சேர்த்துவிடுவார். ஆட்டோ ஓட்டுநர்? சென்னையில் மீட்டர் கட்டணம் 2013 ஆகஸ்டில் நிர்ணயிக்கப்பட்டது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அன்று பெட்ரோல் 75 ரூபாய் அளவில். பெட்ரோல் நூறைத் தாண்டிய பின்னும் ஆண்டுக்கணக்கில் அதே 25 ரூபாயாகவே கட்டணம் நின்றது. மும்பையில் 2022 அக்டோபரில் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணத்தை 23 ரூபாய் ஆக்கினார்கள், 2025 பிப்ரவரியில் 26 ஆக்கினார்கள். அங்கே மீட்டர் ஓடுகிறது. இங்கே பேரம் ஓடுகிறது. சென்னை ஆட்டோக்காரர்களைத் திட்டுவது நமக்குப் பழகிய பொழுதுபோக்கு. அதைச் செய்வதற்கு முன் இந்தத் தேதியையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் உணவு டெலிவரி ஊழியரின் நிலையும் இதே. பெட்ரோல் அவர் பையிலிருந்து.

[திரையில்: காசிமேடு மீன்பிடித் துறைமுகம். கட்டிக்கிடக்கும் விசைப்படகுகள்.]

எல்லோரையும்விட மோசமாக மாட்டிக்கொள்பவர்கள் கடலில் இருக்கிறார்கள். விசைப்படகின் செலவில் பாதிக்கு மேல் டீசல்தான். பல நாள் தங்கு கடலுக்குப் போகும் படகு 3,000 லிட்டர் நிரப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 10 ரூபாய் ஏற்றம் என்பது வலை வீசுவதற்கு முன்பே 30,000 ரூபாய் கூடுதல் செலவு. திரும்பி வந்தால் மீன் ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் விலை சொல்பவர் வாங்குபவர். டீசல் ஏறிவிட்டது, கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டிக் கேளுங்கள் என்று அங்கே யாரிடமும் சொல்ல முடியாது. விற்ற பணத்தில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் படகு உரிமையாளரும் தொழிலாளர்களும் பங்கு பிரிக்கிறார்கள். ஆகவே டீசல் ஏற்றம் நேராகத் தொழிலாளியின் பங்கைக் கடிக்கிறது. அவருக்கு மாதச் சம்பளம் இல்லை, அகவிலைப்படி இல்லை.

தமிழக அரசு மீன்பிடிப் படகுகளுக்குக் குறிப்பிட்ட அளவு டீசலுக்கு மாநில வரியில் விலக்கு தருகிறது. உதவிதான், ஆனால் அளவு தீர்ந்தால் பங்க் விலை. மத்திய கலால் வரியிலும் விலக்கு வேண்டும் என்பது மீனவர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. கட்டுப்படியாகாத நாட்களில் படகு கரையிலேயே நிற்கும். வரத்துக் குறைந்து மீன் விலை ஏறும். ஏறிய விலை கடலுக்குப் போனவருக்குக் கிடைக்கும், போகாதவருக்கு அதில் ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு தேதி. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. மத்திய அரசு பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தியது. பங்க் விலையில் மாற்றமில்லை என்று கூடவே அறிவிப்பும் வந்தது. பலர் அதை நல்ல செய்தியாகவே வாசித்தார்கள். அந்த 2 ரூபாய் குறைந்திருக்க வேண்டிய விலை. ஒரகடத்துக்காரரின் 29 லிட்டருக்கு மாதம் 58 ரூபாய். 3,000 லிட்டர் நிரப்பும் படகுக்கு ஒரு முறை கடலுக்குப் போய்வர 6,000 ரூபாய். அடுத்த முறை எண்ணெய் விலை சரிந்தது என்று செய்தி வந்தால், பங்க் பலகையோடு நிறுத்தாமல் கலால் வரி அறிவிப்பையும் தேடிப் படியுங்கள்.