எத்தனை கிலோ குறையும்?

(பாளையங்கோட்டை மகளிர் கூட்டம் ஒன்றில் நடன ஆசிரியை ஒருவர் பேசியது)

அக்கா, மைனி, சித்தி எல்லாருக்கும் வணக்கம். முதல்ல என் தப்பைச் சொல்லிருதேன். வகுப்பு ஆரம்பிச்ச புதுசுல நானே நோட்டீஸ் அடிச்சேன்: ‘ஆடுங்கள்! ஒரே மாதத்தில் 5 கிலோ குறையும்!’ வண்ணார்பேட்டையில இருந்து டவுன் வரைக்கும் ஒட்டினேன். கூட்டம் அள்ளிச்சு. மூணாவது மாசம் ஹால்ல நானும் ஸ்பீக்கர் பெட்டியும்தான் மிச்சம்.

கணக்கைப் பாருங்க. ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7,700 கலோரி. 60 கிலோ இருக்கவங்க ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஆடினா 350, மிஞ்சிப்போனா 400 கலோரி செலவாகும். ஒரு கிலோவுக்கே 20 மணி நேரம் ஆடணும். 5 கிலோவுக்கு 100 மணி நேரம். என் வகுப்போ மாசத்துக்கு 12 மணி நேரம்! எங்க அப்பா கணக்கு வாத்தியார். அந்த நோட்டீஸைப் பார்த்திருந்தா காதைத் திருகியிருப்பார்.

முதல் நாளே எடை மெஷின் முள்ளு கொஞ்சம் இறங்குமே, அது வேர்வை. ரெண்டு செம்பு தண்ணி குடிச்சா திரும்ப ஏறிரும். ஆடிட்டு வந்தா பசி வேற. ‘அதான் ஆடினோம்லா’ன்னு அல்வாப் பொட்டலத்தைப் பிரிப்போம். நெய் கிராமுக்கு 9 கலோரி, சீனி 4. ஒரு மணி நேர ஆட்டம் அஞ்சு நிமிஷத்துல வசூலாயிரும்.

பாட்டைப் போட்டு ஆடியே உடற்பயிற்சி பண்ணுதாங்களே, ஜும்பா, அது எப்படி வந்துச்சு தெரியுமா? கொலம்பியாவுல பெட்டோ பெரெஸ்னு ஒரு வாத்தியார். 1990-கள்ல ஒருநாள் ஏரோபிக்ஸ் கேசட்டை மறந்துட்டு வந்துட்டார். கையில இருந்த சல்சா, மெரெங்கே கேசட்டைப் போட்டு ஆடவிட்டார். எடை மெஷினா அதைப் பெத்துச்சு? பாட்டுதான். நாமளோ நெல்லையப்பர் கோயில்ல சிவன் ஆடின தாமிரசபையையே வச்சுக்கிட்டு, ஆட்டத்தைத் தராசுல நிறுத்துப் பாக்கோம்.

எங்கிட்ட ஒரு அக்கா வந்தாங்க. கோலம் போட உட்கார்ந்தா, எந்திரிக்க முட்டுல கை ஊனணும். நாலு மாசம் கும்மியும் கோலாட்டமும் ஆடி, கை ஊனாம எந்திரிச்சாங்க. தூக்கமும் நல்லா வருதுன்னாங்க. ஆனா மெஷின்ல அரை கிலோகூட இறங்கலை. ‘காசு வேஸ்ட்டு’ன்னு நின்னுட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கிலோவைக் காட்டிக் கூப்பிட்டது நான்தானே?

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது மிதமான உடல் உழைப்பு வேணுங்குது. என் வகுப்பு வாரம் மூணு மணி நேரம், அதுக்குத் தாராளம். இருதயத்துக்கு நல்லது, சுகருக்கு நல்லது. இதை நோட்டீஸ்ல போட அன்னைக்குத் தோணலை.

எடை குறையணும்னா இலையிலயும் கை வைக்கணும். அதை டாக்டர்கிட்ட கேளுங்க. எங்கிட்ட ஆட வாங்க. செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம். சேலையிலயே வரலாம். முட்டு வலி இருக்கவங்க முன்கூட்டியே சொல்லிருங்க, குதிக்காத அடவு வச்சிருக்கேன்.