கடல் இல்லாத நாட்டிலிருந்து வந்த பீச் சாக்கர் கோச்

[திரையில்: விடியற்காலை, குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை. தூரத்தில் கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை, இழுக்கிறார்கள்.]

வணக்கம். 2013 ஜூன் 20. ரியோ டி ஜெனிரோவில் மரக்கானா மைதானம். ஒரு பக்கம் ஸ்பெயின், அப்போதைய உலகச் சாம்பியன். எதிர்ப்பக்கம் தாகித்தி, பசிபிக் பெருங்கடலில் உள்ள ஒரு சின்னத் தீவு. கால்பந்து ஆட்டம், 10-0 என்று ஸ்பெயினுக்கு முடிந்தது. அந்தக் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையின் மூன்று ஆட்டங்களில் தாகித்தி வாங்கியது 24 கோல், போட்டது ஒரே ஒரு கோல்.

மூன்று மாதம் கழிகிறது. செப்டம்பரில் அதே தீவின் தலைநகர் பப்பீத்தேயில் ஃபிஃபா பீச் சாக்கர் உலகக் கோப்பை நடக்கிறது. இங்கே புல் இல்லை, பூட்ஸ் இல்லை, மணலில் வெறுங்காலோடு ஆட வேண்டும். தாகித்தி அரையிறுதிக்குப் போகிறது. ரஷ்யாவிடம் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலோடு சமன் செய்து, பெனால்டியில்தான் விட்டுக் கொடுக்கிறது. உலகத்தில் நான்காம் இடம்.

தீவுக்காரர்கள், கடற்கரையிலேயே வளர்ந்தவர்கள், அதனால் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த அணியின் பயிற்சியாளர் யார் என்று பார்த்தபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. அவர் பெயர் ஏஞ்சலோ ஸ்கிரின்சி. ஊர் சுவிட்சர்லாந்து. ஒரு பக்கம்கூட கடல் தொடாத நாடு.

கடல் பார்க்க வேண்டும் என்றால் எல்லை தாண்டிப் போக வேண்டிய ஊரில் பிறந்த ஒருவர், கடலிலேயே வாழ்கிறவர்களுக்கு மணலில் பந்து ஆடக் கற்றுக் கொடுத்திருக்கிறார். குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிற நமக்கு இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது என்று நம்புகிறேன். அதற்காகத்தான் இந்த வீடியோ.

[திரையில்: ஈர மணலில் பந்து உருள்கிறது. பிறகு காய்ந்த மணலில் அதே பந்து புதைந்து நிற்கிறது.]

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடப்புறத்தில் நாம் ஆடும் பந்தும் பீச் சாக்கரும் ஒன்றல்ல. நாம் எங்கே ஆடுகிறோம்? அலை வந்து திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில், மணல் இறுகிக் கிடக்கும் ஈரத்தில். அங்கே பந்து தரையில் உருளும். பாஸ் போகும். அது கிட்டத்தட்ட மைதானம் மாதிரிதான்.

பீச் சாக்கர் காய்ந்த மணலில் ஆடுவது. விதிப்படி மணல் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தோண்டினாலும் கட்டித்தரை வரக்கூடாது. சிப்பி, கல் எதுவும் கிடக்கக்கூடாது. இந்த மணலில் பந்து உருளாது, விழுந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். அதனால் பந்தைக் காற்றிலேயே வைத்திருக்க வேண்டும். கால்விரலைப் பந்துக்கு அடியில் விட்டு மேலே கிளப்பி, அந்தரத்தில் பாஸ் கொடுத்து, அந்தரத்திலேயே அடிக்க வேண்டும். தலைகீழாகப் பாய்ந்து அடிக்கும் பைசைக்கிள் கிக்கை இதில் அடிக்கடி பார்ப்பீர்கள். அது வெறும் சாகசம் இல்லை. கோலுக்கு முதுகு காட்டி நிற்கும்போது பந்து நெஞ்சு உயரத்தில் வந்தால், கீழே விட்டுத் திரும்புவதற்குள் பந்து மணலில் புதைந்துவிடும். அப்படியே அடித்துவிடுவதுதான் சுருக்கமான வழி.

களம் சின்னது. நீளம் 35 முதல் 37 மீட்டர், அகலம் 26 முதல் 28 மீட்டர். ஒரு பக்கத்துக்கு 5 பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். 12 நிமிடம் வீதம் 3 பகுதி. கோல் விழுந்தாலும், ஃப்ரீ கிக், பெனால்டி கொடுத்தாலும் கடிகாரம் நிற்கும். ஃப்ரீ கிக்கை மறைத்து யாரும் சுவர் கட்டி நிற்க முடியாது. களம் சின்னது, கோல் போஸ்ட்டோ ஐந்தரை மீட்டர் அகலம். அதனால் எங்கே ஃபவுல் செய்தாலும் அது கோலுக்கு ஒரு வாய்ப்பு. காலை நீட்டித் தடுத்தே பழகியவர் இங்கே தன் அணிக்குத்தான் கேடு செய்வார்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு நாள் இந்த அளவில் கயிறு கட்டி, காய்ந்த மணலில் ஆடிப் பார்த்தோம். எங்களோடு ஆடியவர்களில் ஒருவர் கேரளத்து மலப்புறம் வரை செவன்ஸ், அதாவது ஏழு பேர் பந்து, ஆடப் போய் வருகிறவர், மூச்சு வாங்காமல் ஓடக்கூடியவர். ஐந்தாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். குறை அவருடையது இல்லை. கெட்டியான தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட உடம்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவழிக்கிறது. மணலில் கால் அமுங்கும்போது, உந்தித் தள்ளுகிற சக்தியில் ஒரு பங்கு மணலுக்கே போய்விடுகிறது.

பயிற்சியாளரின் வேலை தொடங்குவது இங்கேதான்.

[திரையில்: கரமடிக் கயிறு. கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு அலைக்கரைக்கு நடந்து போகிறார்.]

கரமடி இழுப்பதைப் பாருங்கள். கயிறு கரைக்கு வர வர, கடைசியில் நிற்கிறவர் கையை விட்டு, முன்னால் தண்ணீர் ஓரத்துக்குப் போய்த் திரும்பவும் பிடிப்பார். ஆள் மாறிக்கொண்டே இருக்கும், இழுப்பு நிற்காது. பீச் சாக்கரில் ஆள் மாற்றுவதும் இப்படித்தான். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ஆட்டத்தை நிறுத்தத் தேவையில்லை. நல்ல அணிகளில் ஒருவர் சில நிமிடம் முழு மூச்சில் ஆடிவிட்டு வெளியே வந்துவிடுவார். அவர் களைத்த பிறகு மாற்றினால் தாமதம். களைக்கப் போகிறார் என்று தெரிந்து மாற்ற வேண்டும்.

ஆடுகிறவருக்கு இது தெரியாது. எந்த ஆட்டக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள், "இன்னும் ரெண்டு நிமிஷம் ஆடுறேன்" என்றுதான் சொல்வார். கரமடியில் மேட்டில் ஒருவர் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று தோள் துண்டான துவர்த்தை வீசிக் காட்டுவார். கயிறு பிடிக்கிற கைக்குத் தெரியாதது மேட்டில் நிற்கிற கண்ணுக்குத் தெரியும். ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளராக மாறுவது என்றால், என் பார்வையில், கயிற்றை விட்டு மேட்டுக்கு ஏறுவது. அது லேசான வேலை இல்லை. நன்றாக ஆடியவர்களுக்கு இன்னும் கஷ்டம், ஏனென்றால் அவர்களுடைய கால் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஸ்கிரின்சி அப்படி ஏறியவர். சுவிட்சர்லாந்து அணிக்காக மணலில் ஆடிவிட்டு, அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2009-இல் துபாய் உலகக் கோப்பை. சுவிட்சர்லாந்துக்கு அதுதான் முதல் பீச் சாக்கர் உலகக் கோப்பை. யாரும் எதிர்பார்க்காத அந்த அணி இறுதி ஆட்டம் வரை போனது. பிரேசிலிடம் 10-5 என்று தோற்றது. ஆனால் அந்தப் போட்டியில் அதிக கோல் அடித்தவர் பிரேசில்காரர் இல்லை. சுவிஸ் ஆட்டக்காரர் தேயான் ஸ்டான்கோவிச், 16 கோல்.

நாலா பக்கமும் நிலம் சூழ்ந்த நாடு எப்படி அங்கே வந்தது? மணலை லாரியில் கொண்டுவந்து ஊருக்குள் கொட்டிக் களம் அமைக்கலாம். இந்த ஆட்டத்துக்குக் கடல் தேவையில்லை, மணல் போதும். இதை யோசிக்கும்போது எனக்கு மனசு கொஞ்சம் வலிக்கும். நம்மிடம் மணல் கிடக்கிறது. அதுவும் மணவாளக்குறிச்சியில் அரிய மணல் ஆலையே நடக்கும் அளவுக்குக் கனிமம் உள்ள மணல்.

2013 உலகக் கோப்பைக்கு சுவிட்சர்லாந்து தகுதி பெறவில்லை. அந்த ஆண்டு ஸ்கிரின்சி தாகித்தியின் பயிற்சியாளராக நின்றார். நான் முதலில் சொன்ன நான்காம் இடம் அப்போது வந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய விஷயம். அவர் போய்விட்டார். வெளியூர்க்காரர் வந்தார், ஜெயித்தார், போனார், அதோடு எல்லாம் படுத்துவிட்டது என்று ஆகவில்லை. 2015-இல் போர்ச்சுகலின் எஸ்பின்யோ நகரில் நடந்த உலகக் கோப்பையில் தாகித்தி இறுதி ஆட்டத்துக்கே போனது. அப்போது பயிற்சியாளர் தெஹினா ரோட்டா, அந்தத் தீவுக்காரர். போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தும் தாகித்தியின் ஹெய்மானு தாயருயிக்குத்தான். 2017-இல் பஹாமாஸில் மறுபடியும் இறுதி ஆட்டம். இரண்டு முறையும் கோப்பை கிடைக்கவில்லை, 2015-இல் போர்ச்சுகல், 2017-இல் பிரேசில் வாங்கிப் போய்விட்டன. இருந்தாலும் மரக்கானாவில் 10 கோல் வாங்கிய ஊர் அது என்பதை மறக்க வேண்டாம். தாகித்தி மட்டும் இல்லை, பிரெஞ்சு பாலினேசியா முழுவதையும் சேர்த்தாலும் மக்கள் 3 லட்சத்துக்குக் கீழேதான். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டம் மட்டும் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர்.

ஸ்கிரின்சி 2021 மாஸ்கோ உலகக் கோப்பையில் சுவிஸ் அணியோடு திரும்பி வந்து, மூன்றாம் இடம் வாங்கினார்.

எல்லோரும் இப்படி முழுசாக மேட்டுக்கு ஏறிவிடுவதில்லை. எரிக் கான்டோனாவை உங்களில் பலருக்குத் தெரியும், மான்செஸ்டர் யுனைடெட் அணியில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆடியவர். 1997-இல் புல்தரைப் பந்தை விட்டுவிட்டு மணலுக்கு வந்தார். ஃபிஃபா நடத்திய முதல் பீச் சாக்கர் உலகக் கோப்பை 2005-இல் கோபகபானா கடற்கரையில் நடந்தது. அதில் பிரான்ஸ் அணிக்கு அவரே பயிற்சியாளர், அவரே ஆட்டக்காரரும். இறுதி ஆட்டத்தில் போர்ச்சுகலை பெனால்டியில் தோற்கடித்துக் கோப்பை வாங்கியது பிரான்ஸ். அப்படியும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் ஊரில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். ஒருவராவது வெளியே நின்று பார்க்க வேண்டும்.

[திரையில்: தூத்தூர் பக்கத்துத் தெரு. கையில் பந்தோடு சிறுவர்கள்.]

சரி, நம் கரைக்கு வருவோம்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இந்தப் பக்கத்துக்குப் பந்து புதிதில்லை. ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகிற ஊர்கள் இவை. அதே வீடுகளிலிருந்து மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபிக்கும் போயிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் வளர்ந்த மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் ஆடினார், 2019-இல் இந்திய அணியின் சட்டையும் போட்டார். எல்லை ஊரான நீரோடியைத் தாண்டினால் கேரளத்துப் பொழியூர், அதுவும் பந்து ஊர்தான்.

இந்தியாவில் முதல் தேசிய பீச் சாக்கர் போட்டி 2023-இல் சூரத்தில் நடந்தது. ஜெயித்தது கேரளம், இறுதி ஆட்டத்தில் பஞ்சாபை 13-4 என்று. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணி ஆடியது. அதே ஆண்டு மே மாதம் டியூவில் நடந்த கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டிலும் இந்த ஆட்டம் உண்டு. கதவு திறந்திருக்கிறது.

நம்மிடம் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். முப்பது வயது தாண்டி, முழங்கால் வலி வந்து, ஆட்டத்தை விட்ட அண்ணன்மார் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள். திருவிழா டோர்னமெண்டில் கோட்டுக்கு வெளியே நின்று, "லெப்ட்ல ஆள் இல்ல பாரு மக்கா" என்று கத்துகிறார்களே, அவர்கள்தான். அவர்கள் கண் ஏற்கெனவே மேட்டில் நிற்கிறது. அவர்களுக்குத் தேவை மணல் ஆட்டத்தின் விதியும், முறையான பயிற்சியாளர் படிப்பும், தினமும் மாலை வந்து நிற்கிற பதினைந்து பிள்ளைகளும். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இடைஞ்சலும் உண்டு, மறைக்க வேண்டாம். ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், பயிற்சி அறுந்துபோகும். மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். ஆனால் ஆனி, ஆடியில்தான் கடல் கரையை அறுக்கும். ஆள் இருக்கும்போது மணல் இருக்காது, மணல் இருக்கும்போது ஆள் இருக்க மாட்டார். அதனால் தொழிலுக்குப் போகிற வயதுக்கு முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவதுதான் சரி. மாதம் என்றால் தை முதல் பங்குனி வரை. வெயில் தாழ்ந்த பிறகு, மணலில் தண்ணீர் தெளித்து, ரேக் போட்டுக் கிளறிவிட்டு.

[திரையில்: அளவு டேப். ஒரு முனை தடுப்புக் கல்லில், மறுமுனை தண்ணீர் ஓரத்தில்.]

போன மாதம் டேப் வாங்கிக்கொண்டு எங்கள் துறையில் அளந்தேன். சின்னக் களத்துக்கே 26 மீட்டர் அகலம் வேண்டும், சுற்றி நிற்க இடமும் வேண்டும், மொத்தம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைத் தடுப்புக் கல்லிலிருந்து தண்ணீர் வரை எங்களுக்கு இருப்பது 19 மீட்டர். நான் சின்ன வயதில் ஆடிய இடத்தில் இப்போது கல் கிடக்கிறது. அடுத்த நாள் சொத்தவிளை கடற்கரைக்குப் போனேன். அங்கே டேப் போதவில்லை, இரண்டு முறை நீட்டி அளந்தேன். இடம் இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ் மாறிப் போக வேண்டும், அவ்வளவுதான். களத்துக்குக் கோடு போட நீல டேப்பும் நான்கு கம்பமும் வாங்கி வைத்திருக்கிறேன்.