கூலன்ட் மாத்துனா இன்ஜின் சூடு குறையுமா?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கத்திரி வெயில் ஆரம்பிச்சாலே ஒர்க் ஷாப்புக்கு வர்றவங்க கேக்குற முதல் கேள்வி, "அண்ணே வண்டி ஹீட் ஆகுது, நல்ல கூலன்ட்டா ஒன்னு சொல்லுங்க, கூட ஏதாவது அடிட்டிவ் ஊத்தலாமா" அப்படிங்கறதுதான். இன்னைக்கு அதப் பத்தித்தான் பேசப் போறேன்.

முதல்லயே சொல்லிடுறேன், கூலன்ட்னு பேர் இருந்தாலும் சூட்டக் குறைக்கிறதுக்குன்னு செஞ்ச சரக்கு இல்ல அது. சூட்ட வாங்கிட்டுப் போறதுல தண்ணிய அடிச்சுக்க ஆளே கிடையாது. ஒரு கிலோ தண்ணி ஒரு டிகிரி சூடாக 4.2 கிலோஜூல் வாங்கும், கூலன்ட்ல இருக்குற எத்திலீன் கிளைக்கால் 2.4தான் வாங்கும், கிட்டத்தட்ட பாதி. அதனால "டபுள் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்"னு கான்சன்ட்ரேட்ட தண்ணியே கலக்காம அப்படியே ஊத்துறாங்க பாருங்க, அவங்க வண்டி முன்னவிட சூடாத்தான் ஓடும். இரண்டாம் உலகப் போர்ல ஸ்பிட்ஃபயர் விமானத்துல இருந்த மெர்லின் இன்ஜினுக்கே முதல்ல வெறும் கிளைக்கால்தான் ஊத்துனாங்க, அப்புறம் 70 பங்கு தண்ணி 30 பங்கு கிளைக்கால்னு மாத்துன பிறகுதான் இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா ஓடுச்சு.

அப்ப வெறும் தண்ணியே போதுமேன்னு கேப்பீங்க. போதாது. தண்ணி 100 டிகிரில கொதிச்சிடும், அலுமினியத்த அரிக்கும், இரும்புல துரு ஏத்தும், வாட்டர் பம்ப்ப தின்னும். பாதிக்குப் பாதி கலந்தா கொதிநிலை 107 டிகிரி கிட்ட போகும், அதுக்கு மேல ரேடியேட்டர் மூடி குடுக்குற பிரஷர் சேர்ந்தா 130 கிட்டகூட தாங்கும். இந்த மூடிய யாரும் மதிக்கறதே இல்ல. இன்ஜின் நல்லா ஆறின பிறகு கழட்டி கைல வச்சுப் பாருங்க, மேல 0.9 இல்லன்னா 1.1னு நம்பர் அடிச்சிருக்கும், அது மூடி தாங்குற பிரஷர், அடியில ஒரு ஸ்பிரிங், அதுக்குக் கீழ ஒரு ரப்பர் வாஷர், நடுவுல பொத்தான் அளவுக்கு ஒரு குட்டி வால்வு. வீட்ல குக்கர் வெயிட் பண்ற அதே வேலையத்தான் இது பண்ணுது. அந்த ரப்பர் காஞ்சு வெடிச்சிருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தாலோ பிரஷர் நிக்காது, நீங்க எவ்ளோ விலை உசந்த கூலன்ட் ஊத்துனாலும் சீக்கிரமே கொதிச்சு பொங்கி வெளிய வந்துடும். மூடி வெல கம்மி, மாத்தும்போது அதே நம்பர் போட்ட மூடியா பார்த்து வாங்குங்க.

இன்னொன்னு, நல்லா இருக்குற இன்ஜின்ல டெம்பரேச்சர முடிவு பண்றது கூலன்ட் இல்ல, தெர்மோஸ்டாட், அதாவது சூட்டப் பொறுத்து ரேடியேட்டருக்குப் போற வழிய திறந்து மூடுற வால்வு. பல வண்டில அது 82லேர்ந்து 88 டிகிரிக்குள்ள திறக்கும். அதுக்குக் கீழ சூடு இறங்குனா தானே மூடிக்கும், அதனால எந்த பாட்டில ஊத்துனாலும் அத 70க்கு இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. நம்ம ஊர்ல "தெர்மோஸ்டாட்ட கழட்டி வீசிட்டேன் சார், இனி ஹீட்டே ஆகாது"ன்னு சொல்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அத ஒத்துக்காதீங்க. இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, இன்ஜின கவனிக்கிற கம்ப்யூட்டர், வண்டி இன்னும் ஜில்லுனு இருக்குன்னு நெனச்சு பெட்ரோல அதிகமா அடிச்சுக்கிட்டே இருக்கும், மைலேஜ் போகும், தேய்மானம் கூடும், சில இன்ஜின்ல பைபாஸ் வழி திறந்தே கிடக்கறதால தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம உள்ளயே சுத்தி முன்னவிட அதிகமா ஹீட் ஆகும்.

சரி, கலக்குற தண்ணிக்கு வருவோம். என்னக் கேட்டா கூலன்ட் பிராண்டவிட இதுதான் பெரிய விஷயம். நம்ம பக்கம் போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும், பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியும்ல, அதே சுண்ணாம்பு இன்ஜின் உள்ளயும் படியுது. போர் தண்ணியிலயே ஓடுன ரேடியேட்டர பிரிச்சுப் பார்த்தா, சன்னமா தட்டையா இருக்குற ட்யூப் வாயெல்லாம் வெள்ளையும் பழுப்புமா கட்டி அடைஞ்சு கிடக்கும், நகத்தால சுரண்டுனா பொடிப்பொடியா உதிரும், சில ட்யூப்ல குண்டூசிகூட நுழையாது. அந்தச் சுண்ணாம்பு அலுமினியத்தோட பாத்தா சுமார் நூத்துல ஒரு பங்கு சூட்டத்தான் கடத்தும். அதனால பேட்டரிக் கடையில கிடைக்குற டிஸ்டில்டு வாட்டர், இல்லன்னா உப்பு நீக்குன டிஎம் வாட்டர், அதத்தான் கலக்கணும். இந்தச் செலவுல மட்டும் கணக்குப் பார்க்காதீங்க. கலக்கவே வேணாம்னா தண்ணி ஏற்கனவே கலந்து வர்ற ரெடிமிக்ஸ் வாங்கிடுங்க, ஆனா அதுல மறுபடி தண்ணி சேர்க்கக்கூடாது, பாட்டில்ல எழுதியிருக்கறத படிச்சுட்டு ஊத்துங்க. எவ்ளோ கலக்கணும்ங்கறது வண்டி மேனுவல்ல இருக்கும், ஹூண்டாய் மேனுவல்ல 35 சதவீதத்துக்கு கீழயும் போகாதீங்க 60க்கு மேலயும் போகாதீங்கன்னு போட்டிருப்பான். நம்ம ஊர்ல உறையற பிரச்சினை இல்லாததால நிறைய கிளைக்கால் தேவையில்லதான், ஆனா துரு பிடிக்காம காக்குற மருந்தும் அதே பாட்டில்லதான் வருது, ரொம்ப தண்ணியாக்குனா அதுவும் நீர்த்துப் போயிடும்.

கலர பார்த்து வாங்காதீங்க. பச்சை, சிவப்பு, நீலம், ரோஸ் எல்லாம் கம்பெனிக்காரன் போடுற சாயம், டொயோட்டா ரோஸ் ஊத்துவான், ஹோண்டா நீலம் ஊத்துவான், பக்கத்து கடை பச்சையில என்ன இருக்குன்னு கலர் சொல்லாது. உள்ள இருக்குற துரு தடுப்பு மருந்துதான் வித்தியாசம். பழைய வகை சிலிக்கேட் வகையறா, சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் தீர்ந்தும் போகும், ரெண்டு வருஷத்துல மாத்தணும். ஆர்கானிக் ஆசிட் வகைய ஓஏடின்னு போட்டிருப்பாங்க, அஞ்சு வருஷம் வரைக்கும் தாங்கும். ஜப்பான் வண்டிங்க பெரும்பாலும் சிலிக்கேட் இல்லாம பாஸ்பேட் சேர்த்தத கேக்கும், அதுல போய் உப்பான போர் தண்ணிய ஊத்துனா பாஸ்பேட் சுண்ணாம்போட சேர்ந்து படிஞ்சிடும், அதுக்கும்தான் டிஸ்டில்டு டிஸ்டில்டுன்னு சொல்றேன். ரெண்டு வகைய கலந்தா மருந்து ஒன்னையொன்னு கெடுத்து சில நேரம் கெட்டியாகி அடைச்சுக்கும். வகை மாத்தணும்னா பழச முழுசா இறக்கி, உள்ள கழுவி ஃப்ளஷ் பண்ணிட்டு ஊத்துங்க. லேபிள்ல ஐஎஸ் 5759, ஜேஐஎஸ் கே 2234, ஏஎஸ்டிஎம் டி 3306 இப்படி ஏதாவது ஒரு தரம் போட்டிருக்கான்னு பாருங்க, ஒன்னுமே இல்லாத பச்சைத் தண்ணிய வாங்காதீங்க.

அடிட்டிவ் பத்தி கேட்டீங்கன்னா, வாட்டர் வெட்டர் மாதிரி சரக்கு இருக்கு, அது தண்ணியோட பரப்பு இழுவிசைய குறைக்கும், சிலிண்டர் ஹெட்ல ரொம்ப சூடான எடத்துல ஒட்டிக்குற நீராவிக் குமிழ் சீக்கிரம் விலகி அங்க தண்ணி பட உதவும். பல ரேஸ் டிராக்ல கிளைக்கால் சிந்துனா வழுக்கும்னு தடை போட்டிருக்கறதால அங்க வெறும் தண்ணியில இத கலக்கறாங்க, அங்க அதுக்கு அர்த்தம் இருக்கு. பாதிக்குப் பாதி கூலன்ட் இருக்குற வீட்டுக் காருக்கு அதோட பலன் கம்மி, காச மிச்சம் பண்ணுங்க. லீக் அடைக்குற பவுடர், லிக்விட் இதெல்லாம் நான் வேணாம்னே சொல்வேன், ஓட்டைய அடைக்குற சரக்குக்கு ரேடியேட்டர் ட்யூப்புக்கும் ஓட்டைக்கும் வித்தியாசம் தெரியாது, ஹீட்டர் கோரும் சேர்ந்து அடைஞ்சிடும்.

வண்டி நிஜமாவே ஹீட் ஆகுதுன்னா காரணத்த தேடணும். டிராஃபிக்ல நிக்கும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறி, ஓட ஆரம்பிச்சா இறங்குதா? ஃபேன், ரிலே, ஃபியூஸ் பாருங்க. ஹைவேல வேகமா போகும்போது, இல்ல ஏற்காடு வால்பாறை ஏத்தத்துல ஏறுதா? ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் பக்கம் போங்க. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல பூச்சி, பஞ்சு, மண்ணுன்னு ஒரு மெத்தையே கட்டியிருக்கும், முன்னாடி நின்னு பார்த்தா தெரியவே தெரியாது, ரெண்டையும் பிரிச்சாத்தான் தெரியும், அத மெதுவான தண்ணில கழுவுனாலே பல வண்டிக்கு நோய் தீந்துடும். கூலன்ட் வெளிய ஒழுகாம கொறஞ்சுக்கிட்டே போகுது, டேங்க்ல விடாம குமிழ் வருது, ஆயில் பால் கலந்த நிறத்துல இருக்குன்னா பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, அதுக்கு கூலன்ட் மாத்தி பிரயோஜனமே இல்ல.

ரோட்ல போறப்ப முள் சிவப்புக்கு ஏறுனா ஏசிய அணைச்சிட்டு ஹீட்டர ஃபுல்லா வச்சு ப்ளோயரையும் ஃபுல்லா போடுங்க, ஹீட்டர் கோரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், வேர்த்துக் கொட்டும், பரவால்ல. அப்பவும் இறங்கலன்னா ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு ஓட்டுனா அலுமினிய ஹெட் வளைஞ்சிடும். சூடா இருக்கும்போது மூடிய மட்டும் தொடவே தொடாதீங்க, திறந்த நொடி உள்ள இருக்குற தண்ணி ஆவியா மூஞ்சில அடிக்கும், துணி சுத்திக்கிட்டேன்னு சொன்னாலும் கை மூஞ்சியெல்லாம் வெந்துடும். முழுசா ஆறட்டும், அப்புறம் மேல் ஹோஸ அமுக்கிப் பார்த்து, பிரஷர் இல்லன்னு உறுதியான பிறகு திறங்க.

கடைசியா, இறக்குன பழைய கூலன்ட்ட தெருவுல ஊத்தாதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கிடும், கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி செத்துப் போயிடும், சின்னப் பிள்ளைங்களுக்கும் அதே ஆபத்துதான். மூடி போட்ட கேன்ல பிடிச்சு, மேல விஷம்னு எழுதி ஒர்க் ஷாப்ல குடுத்துடுங்க, குளிர்பான பாட்டில்ல மட்டும் ஊத்தி வைக்காதீங்க. நன்றி, வணக்கம்.