துறைமுகத்து ஊசியும் பனிநிலத்து நூலும்

அவைத் தலைவர் அவர்களே, அன்பர்களே,

டென்மார்க்கில் பச்சை குத்தும் கலையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கோபன்ஹேகனின் நூஹவ்ன் துறையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அந்த வழக்கத்தை நான் பாதியளவே பின்பற்றப் போகிறேன். டேனிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த கிரீன்லாந்தில் இதைவிடப் பல நூற்றாண்டு மூத்த ஒரு மரபு இருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையடையாது என்பதே என் கருத்து.

முதலில் ஒரு தடையை விலக்கிவிடுகிறேன். வைக்கிங்குகள் உடலெங்கும் பச்சை குத்தியவர்களாகத் திரையில் காட்டப்படுவதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது, 922 இல் வோல்கா ஆற்றங்கரையில் வைக்கிங் வழியினராகக் கருதப்படும் ரூஸ் வணிகர்களைச் சந்தித்த அரபுத் தூதர் இபின் ஃபள்லான் எழுதிவைத்த குறிப்பாகும். விரல் நுனி முதல் கழுத்து வரை மரங்களும் உருவங்களும் அவர்கள் மேனியில் இருந்தன என்கிறார் அவர். அது தோலுக்குள் ஏற்றிய மையா, மேலே பூசிய சாயமா என்று அக்குறிப்பைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. வைக்கிங் காலத்துப் பச்சை குத்திய தோல் எதுவும் டென்மார்க்கில் கிடைத்ததும் இல்லை.

உறுதியான வரலாறு மாலுமிகளிடம் தொடங்குகிறது. ஐந்தாம் கிறிஸ்டியன் அரசர் காலத்தில், 1670களின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட நூஹவ்ன் வாய்க்கால், பின்னாளில் கப்பலாட்கள் கூலிப் பணத்துடன் வந்திறங்கும் சாராயக்கடைத் தெருவாக மாறியது. அத்தெருவின் 17ஆம் எண் கட்டடத்து நிலவறையில் இயங்கிய பச்சைக் கடை தன் தொடக்க ஆண்டாக 1884ஐக் குறித்து வந்தது. மின்விசையால் இயங்கும் பச்சைக் கருவிக்கு நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி காப்புரிமை பெற்றது 1891இல்தான் என்பதால், அத்தொழிலின் முதல் தலைமுறையினர் கையூசியை நம்பியே பிழைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அக்கடைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் 'டாட்டூ ஓலெ' என்று அழைக்கப்பட்ட ஓலெ ஹான்சன்; அவருக்குப் பின் 'பிம்போ' என்று அறியப்பட்டவரும், 2010 முதல் 'லில்லெ ஓலெ' என்ற பெயருடன் மாய்பிரிட் பெடர்சன் என்ற பெண்ணும் அதை நடத்தினார்கள். ஆண்களின் கோட்டையாக இருந்த ஒரு தொழிலில் இந்தக் கடைசிக் கைமாற்றம் சிறிய செய்தி அன்று.

இத்தகைய பழைய கடைகளின் வேலைமுறை சுருக்கமும் வேகமும் கொண்டது. சுவரில் ஒட்டிய மாதிரிப் படங்களிலிருந்து நங்கூரம், பாய்மரக் கப்பல், தகைவிலான் எனப்படும் ஸ்வாலோ பறவை, ரோஜா, இதயம் ஆகியவற்றுள் ஒன்றை வாடிக்கையாளர் சுட்டிக் காட்டுவார். அப்படத்தின் கோடுகள் செல்லுலாய்டு தகட்டில் முன்கூட்டியே கீறப்பட்டிருக்கும். அக்கீறல்களில் கரித்தூளைத் தேய்த்து, வாசலின் தடவிய தோலில் அழுத்தினால் கோடு பதிந்துவிடும். அதன்மேல் ஊசி ஓடும். மறுநாள் கப்பல் ஏற வேண்டியவனுக்குக் காத்திருக்க நேரமில்லை என்பதால், தடித்த கோடும் குறைந்த நிறமும் கொண்ட அந்த வடிவம் தேவையிலிருந்து பிறந்தது.

இக்கலைக்கு எதிர்பாராத ஒரு மதிப்பு அரண்மனையிலிருந்து வந்தது. 1947 முதல் 1972 வரை ஆண்ட ஒன்பதாம் பிரெடரிக், டேனிய அரச குடும்பத்து வழக்கப்படி தரைப்படைக்குச் செல்லாமல் கடற்படையில் பயிற்சி பெற்றவர். 1951 இல் அமெரிக்காவின் 'லைஃப்' இதழ் மேலாடையற்ற அவருடைய படத்தை வெளியிட்டபோது, மார்பிலும் கைகளிலும் இருந்த பச்சைகளை உலகமே கண்டது. மாலுமியின் மேனியில் இழிவாகக் கருதப்பட்ட ஒன்று அரசரின் மேனியில் கம்பீரமாகத் தோன்றியது எப்படி என்று அன்று எவரும் கேட்டிருப்பார்களா என்பது என் ஐயம்.

அந்த அரசரின் ஆட்சிக்காலத்தில்தான், 1966 ஜூனில், டென்மார்க் பச்சை குத்துதலுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பச்சை குத்தக் கூடாது. வயது வந்தவர்களுக்கும் தலை, கழுத்து, மணிக்கட்டுக்குக் கீழுள்ள கைப்பகுதி ஆகிய இடங்களில் குத்தக் கூடாது என்றது அச்சட்டம். ஆடையால் மறைக்க முடியாத இடங்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது என்று இதைச் சொல்லலாம். பிற்காலத்தில் அரசின் கவலை மையின் பக்கம் திரும்பியது. கோபன்ஹேகனின் பிஸ்பெபியர்க் மருத்துவமனையில் தோல் மருத்துவர் யோர்கன் செருப் 2008இல் பச்சை தொடர்பான நோய்களுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். மையிலுள்ள வேதிப்பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் கட்டுப்படுத்தியதற்கு முன்மொழிவு தந்த நாடுகளுள் டென்மார்க்கும் ஒன்று.

இனி கிரீன்லாந்துக்கு வருகிறேன். அத்தீவின் மேற்குக் கரையிலுள்ள கிலாகித்சோக்கில், 1972 இல் பாறை இடுக்கு ஒன்றில் ஆறு பெண்களும் இரண்டு குழந்தைகளுமாக எட்டுப் பேரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. ஏறத்தாழ 1475 ஆம் ஆண்டைச் சேர்ந்த அவை, குளிரிலும் வறட்சியிலும் தாமாகவே பதமாகியிருந்தன. கருத்துப்போன தோலில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத கோடுகளை அகச்சிவப்புப் புகைப்படம் வெளிக்கொணர்ந்தது; பெண்களுள் ஐவரின் முகங்களில் பச்சை இருந்தது. கிரீன்லாந்தின் பூர்வகுடிகளான இன்யூட் மக்களிடையே இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. விலங்கின் தசைநாரைத் திரித்த நூலில் விளக்குக் கரியைத் தோய்த்து, ஊசியால் தோலுக்கடியில் இழுத்துச் செல்வது அவர்களது முறை. தோலாடை தைத்துப் பழகிய கைக்கு அது அந்நியமான வேலையாக இருந்திருக்காது.

1721 இல் ஹான்ஸ் எகெடெ என்ற மறைப்பணியாளர் கிரீன்லாந்தில் கால்வைத்த பின் பரவிய கிறித்தவ மறைப்பணி இவ்வழக்கத்தை வேண்டாத பழைய நம்பிக்கையாகக் கருதி ஒடுக்கியது. சில தலைமுறைகளில் அது மறைந்தது. அதை மீட்க முயல்பவர்களுள் முதன்மையானவர், ஆய்வாளரும் பச்சைக் கலைஞருமான மாயா சியாலுக் யாகப்சன். மின்கருவியைத் தவிர்த்து, நூலால் தைக்கும் முறையையும் கையால் குத்தும் முறையையும் பழைய சான்றுகளைக் கொண்டு மறுபடியும் வழக்கில் கொண்டுவந்தவர் அவர். இன்யூட் பெண்கள் மரபாகப் பச்சை ஏந்திய இடங்களுள் முகமும் கைவிரல்களும் அடங்கும். கோபன்ஹேகனில் அமர்ந்து 1966 இன் சட்டத்தை எழுதியவர்கள் குடித்துவிட்டுக் கழுத்தில் குத்திக்கொள்ளும் இளைஞனை மனத்தில் கொண்டிருக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் சொற்களுக்குள், டென்மார்க்கில் வாழும் கிரீன்லாந்துப் பெண் ஒருத்தி தன் பாட்டிமார் முகத்திலிருந்த கோடுகளைக் கேட்டாலும் அவளுக்கு அவற்றைக் குத்துபவர் குற்றவாளியாகவே கருதப்பட்டிருப்பார்.